குங்குமம் வச்ச புகையிலை மூட்டை

ஒர்க்ஷாப்புல புதுசா சேந்திருக்க பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லணும்னு போர்மேன் கேட்டான். நேர்ல வந்து நின்னா நீங்க போனை நோண்டிக்கிட்டே தலையை ஆட்டுவீங்க, எனக்குக் கோவம் வரும், வந்த காரியம் கெட்டுப் போவும். அதனால தாராவி லேபர் கேம்ப்ல என் வீட்டுல உக்காந்து நான் சொல்லச் சொல்ல என் மக எழுதுதா. உங்கள்ல பாதிப் பேருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராதுன்னு எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் டீ நேரத்துல மத்தவங்களுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. நடுவுல இந்தியில விளக்கம் சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான்.

எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கணும், எந்த ஒயர் எங்க போவுதுன்னு நான் சொல்லப் போறதில்ல. அதெல்லாம் உங்க போன்லயே இருக்கு, என்னைவிட நல்லாவே இருக்கு. முப்பத்தஞ்சு வருசம் ஸ்பானர் பிடிச்ச இந்த ஞானதுரை, ரிட்டயர் ஆன மறு வருசம், செம்பூர்ல ஒரு வீட்டு வண்டிகிட்ட பத்து நாள் கிறுக்கன் மாதிரி அலைஞ்ச கதையைச் சொல்லுதேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கிடுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

அது ஜப்பான் வண்டி. ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு, தரையோட தரையா உக்காந்திருக்கும். மழைக்கு முன்னால கடல் ஒரு நிறத்துல கெடக்கும்லா, அந்தச் சாம்பல் நீலம். முன்விளக்கு வெளிய தெரியாது. சுவிட்சைப் போட்டா ரெண்டு கண்ணும் பானெட்டுல இருந்து மெதுவா எழும்பி வரும், தூங்கி முழிக்கிற பிள்ளை மாதிரி. அந்த வீட்டுப் பெரியவர் கப்பல் இன்ஜினியரா இருந்தவரு. கடைசியா ஜப்பான் துறைமுகத்துல பல வருசம் வேலை பாத்துட்டுத் திரும்பும்போது கூடவே கொண்டு வந்த வண்டி இது. மாட்டுங்காவுல பொறந்து வளந்த ஆபீஸ்காரக் குடும்பம். வீட்டம்மா தவறிட்டாவ. ஒரே மக, பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கிற டாக்டர். பேரு சொன்னா அவியளுக்குப் பிடிக்காது, டாக்டரம்மான்னே சொல்லுதேன். என்னைவிட இருபது வயசு சின்னவிய. ஆனா இந்தத் தொழில்ல எனக்குக் கடைசியா பாடம் சொல்லிக் குடுத்தது அவியதான்.

வண்டியை ஒர்க்ஷாப்புக்கு அனுப்புறதே கெடையாது. பில்டிங்குக்கு அடியில தூணுக்கு நடுவுல உள்ள பார்க்கிங்லதான் எல்லா வேலையும். ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு நான் அங்க போவேன், முடிச்சுட்டு ஒம்பதரை ஆராதனைக்குச் சர்ச்சுக்கு ஓடுவேன்.

பெரியவருக்குக் கை நடுக்க வியாதி. காபி டம்ளரைப் பிடிக்க முடியாது, சட்டைப் பட்டன் போட முடியாது. யாரும் பாக்கக் கூடாதுன்னு கையை மடியில ஒளிச்சு வச்சுக்கிடுவாரு. ஆனா ஞாயித்துக்கிழமை லிப்ட்ல இறங்கி வந்து, பக்கத்து சீட்டுல உக்காந்து, டாக்டரம்மா வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் கியர் தண்டு மேல கையை வைப்பாரு. பழைய இன்ஜின் ஓடும்போது அந்தத் தண்டு லேசா அதிரும். ஒரு நாள் என்கிட்ட சொன்னாரு, "இங்க மட்டும்தான் ஞானதுரை, ஆடறது நானா வண்டியான்னு தெரியறதில்லை."

அந்த ஒரு மணி நேரம் அவரு கண்ணை மூடிக்கிடுவாரு. கேட்டுக்கு வெளிய பால்காரன் சத்தம், பேப்பர்காரன் சத்தம், உள்ள இன்ஜினோட முனகல், தூணுக்கு நடுவுல சாஞ்சு விழுற வெயிலு. அதுல புகை நீலமா சுத்திக்கிட்டு மேல போவும். எந்த ஊர்ல நிக்கேன், என்ன கிழமைன்னு எனக்கே மறந்து போவும். டாக்டரம்மா ஸ்டியரிங்ல சாஞ்சுக்கிடுவாவ. வாரத்துல அவியளுக்கு நிம்மதியான நேரம் அது ஒண்ணுதான்.

அந்த வருசம் மழையில எலி வந்துச்சு. செம்பூர் எலியைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லவா வேணும். கடிச்ச ஒயரையெல்லாம் மாத்தி, ஜாயிண்டெல்லாம் சுத்தமா முடிச்சேன். கிளம்பும்போது மனசு கேக்கல, மறுபடி வந்து கடிச்சா என்ன செய்யன்னு. தாராவி டாக்சிக்காரங்க கைவைத்தியம் ஒண்ணு உங்க அப்பாமாருக்குத் தெரியும். புகையிலையைத் துணியில முடிஞ்சு பானெட்டுக்குள்ள தொங்க விட்டா அந்த நெடிக்கு எலி அண்டாது. நானும் என் பழைய வேட்டியில ஒரு முழம் கிழிச்சு, புகையிலையைத் தளர்வா முடிஞ்சு, எலி ஏறுற வழின்னு பாத்து முன்பக்க மூலையில ஒரு நூல்ல கட்டித் தொங்க விட்டேன். யாரும் கேக்கல, நானா ஆசையில செஞ்சது. எலியும் அதுக்கப்புறம் வரவே இல்ல.

மழைக்காலத்துல அந்த வண்டி வெளிய போவாது, பெரியவர் விட மாட்டாரு. நின்ன இடத்துலயே ஓடும், அவ்வளவுதான். மழை விட்டு ஆயுத பூஜை வந்துச்சு. பூஜை முடிஞ்ச ஞாயித்துக்கிழமை பானெட்டைத் திறக்கேன், என் புகையிலை மூட்டைக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வச்சு, ஒரு துண்டு மல்லிகைச் சரமும் சுத்தியிருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அவிய வீட்டுச் சாமி காரியம், சர்ச்சுக்குப் போற நான் எதுக்கு வாயைத் திறக்கணும்? சரம் காஞ்சு உதிந்துச்சு, குங்குமம் அப்பிடியே இருந்துச்சு. அன்னையில இருந்து அந்த மூட்டை மேல கை படாம ஒதுங்கியே வேலை பாத்தேன்.

அது வண்டியோட பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வருசம். ஆர்.டி.ஓ.வுக்குக் கொண்டு போய்க் காட்டி பாஸ் வாங்கணும், வண்டி பெரியவர் பேர்ல இருக்கதால அவரும் கூடப் போவணும், தேதியும் குடுத்துட்டாங்க. பில்டிங் கமிட்டியில, பேப்பர் செல்லாத வண்டி எதுவும் கீழ நிக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியாச்சு. பாஸ் ஆவலைன்னா வண்டி போவணும். வண்டி போனா பெரியவரோட ஞாயித்துக்கிழமையும் போச்சு. இது எங்க மூணு பேருக்கும் தெரியும்.

தேதிக்குப் பத்து நாளைக்கு முன்ன, ஓட்டிப் பாத்துருவோம்னு டாக்டரம்மா பெரியவரையும் ஏத்திக்கிட்டுக் கிளம்புனாவ. பின்னால என் ஸ்கூட்டர்ல நான். கடைசி மழை கழுவி விட்ட காலை, ரோடெல்லாம் மினுங்குது, முன்னால அந்த நீலம் வழுக்கிக்கிட்டுப் போவுது. பாக்கப் பாக்க எனக்குப் பெருமை தாங்கல. அமர் மஹால் பாலத்துல ஏறி வேகம் எடுத்துச்சு பாருங்க, ரெண்டு இருமல், ஒரு குலுக்கல், வண்டி செத்துப் போச்சு. பின்னால தண்ணி டேங்கர். அவன் பிரேக்கை மிதிச்ச சத்தம் இன்னும் என் காதுல கெடக்கு. ஒரு முழம் இருக்கும், அவ்வளவு கிட்டத்துல வந்து நின்னான். ஸ்கூட்டரைப் போட்டுட்டு ஓடுனேன். பெரியவர் ரெண்டு கையையும் டேஷ்போர்டுல ஊனிக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. டாக்டரம்மா சாவியைத் திருப்புனாவ. ஒண்ணுமே நடக்காத மாதிரி உடனே ஸ்டார்ட் ஆச்சு.

அதுதான் வினை. செத்தது செத்தபடி கெடந்தா கண்டுபிடிச்சுரலாம். இது பார்க்கிங்ல நாள் பூரா ஓடும், ரோட்டுல வேகம் பிடிச்சா மட்டும் நிக்கும், நிறுத்தி பானெட்டைத் திறந்தா எல்லாம் அததது இடத்துல நல்ல பிள்ளையா இருக்கும். பெட்ரோல் பம்பை மாத்துனேன். ரிலேயை மாத்துனேன். எலி கடிச்சதுக்கு நான் போட்ட ஜாயிண்டையெல்லாம் திரும்பப் பிரிச்சுப் பாத்தேன், எல்லாம் சரியா இருந்துச்சு. குர்லாவுல இருக்க என் சிநேகிதன் சாவந்த், பெரிய எலக்ட்ரீஷியன், அவனைக் கூட்டிட்டு வந்தேன். அவன் பானெட்டைத் திறந்ததும் குங்குமம் வச்ச மூட்டையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "பகவான் பைட்டேலா ஹை, பிர்பீ பந்த் ஹோதி ஹை?"னு சிரிச்சான். சாமியே உள்ள உக்காந்திருக்காரு, அப்புறமும் நிக்குதாங்கான். ரெண்டு மணி நேரம் பாத்துட்டு அவனும் கையை விரிச்சுட்டான்.

அந்தப் பத்து நாளும் நான் வண்டிக்குள்ளயே குடியிருந்தேன்னு வைங்க. சோறு இறங்கல. ஒரு மத்தியானம் டிரைவர் சீட்டுல உக்காந்தவன் கண்ணசந்துட்டேன். கனவுல வண்டி கடல் மேல மெதந்து போவுது. சத்தம் இல்ல. முன்விளக்கு ரெண்டும் எழும்புது, அமருது, எழும்புது, அமருது. யாரோ பக்கத்துல இருந்து, மூச்சு விட முடியல ஞானதுரைன்னு மெதுவா சொல்லுத மாதிரி இருக்கு. முழிச்சுப் பாத்தா பக்கத்து சீட்டுல பெரியவர். எப்ப இறங்கி வந்தாரோ தெரியல. புகையிலை நெடியும் பழைய ரெக்சின் வாசனையும் உள்ள நெறஞ்சு கெடக்கு. ஓடாத வண்டியில ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம்.

"நடுக்கடல்ல இன்ஜின் நின்னுதுன்னா, முதல்ல சத்தம் போகும். கொஞ்ச நேரம் ரொம்ப அழகா இருக்கும். பயம் அப்புறம்தான் வரும்"னாரு பெரியவர்.

 அவருக்கு அப்பவே பயம் வந்துட்டுன்னு எனக்குப் புரிஞ்சுது.

மறுநாள் காலையில ஆர்.டி.ஓ.வுக்குப் போவணும். சாயந்திரம் அஞ்சு மணிக்கு டாக்டரம்மா டூட்டி முடிஞ்சு நேரா பார்க்கிங்குக்கு வந்தாவ. கைப்பையைத் தோள்ல இருந்து இறக்கக்கூட இல்ல.

"அண்ணா, நாளைக்குப் போலாமா?"

பிள்ளைகளா, இந்த எடத்தை நல்லா கவனிச்சுக் கேளுங்க. இதுக்காகத்தான் இவ்வளவும் சொல்லுதேன். என்கிட்ட ஒரு ஜுகாடு, அப்போதைக்கு ஒப்பேத்துற வழி, தயாரா இருந்துச்சு. முப்பதுக்கு மேல போனாத்தான் வண்டி நிக்குது. விடிஞ்சதும் ரோடு காலியா இருக்கப்ப, ஓரமா உருட்டிக்கிட்டுப் போனா போய்ச் சேந்துரும். அங்கயும் சுத்திப் பாத்து, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்து விட்டுருவாங்க. பாஸ் ஆயிரும். கமிட்டி வாயை மூடிக்கிடும், பெரியவருக்கு ஞாயித்துக்கிழமை கெடைக்கும், எனக்குப் பேரும் கெடாது. என்ன கோளாறுன்னு அப்புறமா மெதுவா பாத்துக்கிடலாம். மெதுவா ஓட்டிட்டுப் போங்கம்மாங்கிற வார்த்தை என் நாக்கு நுனியில வந்து நின்னுச்சு. டேங்கரோட பிரேக் சத்தத்தைக் கேட்ட அதே மனுசன்தான் நான்.

நான் வாயைத் திறக்கதுக்குள்ள அவியளே கேட்டாவ, "நான் ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்கப்படாது. தியேட்டர்ல பேஷண்ட்டுக்குத் திடீர்னு மூச்சு இறங்கித்துன்னா, என்ன வியாதின்னு நாங்க யோசிக்கறதில்லை. கடைசியா நான் என்ன குடுத்தேன்னுதான் முதல்ல பாப்பேன். வண்டி நிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கடைசியா என்ன பண்ணினேள்?"

"ஒயர் மாத்துனேன்ம்மா. அதைத்தான் நாலு தடவை பிரிச்சுப் பாத்துட்டேனே."

"அது வேலை. வேலையாப் பண்ணினதைக் கேக்கலை. ஆபரேஷனுக்கு முன்னாடி வயிறு காலியா இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுவோம். பாவம் பசிக்குமேன்னு ஆத்துல யாராவது ஒரு வாய் காபி குடுத்திருப்பா. கேட்டா ஒண்ணும் குடுக்கலைன்னுதான் சொல்லுவா. பொய் சொல்றதில்லை. அவாளுக்கு அது குடுத்ததாவே தோணாது, பாசம்தானே. எங்களுக்குப் பாதி ஆபத்து அதுலதான் வரது. நீங்க அப்படி ஏதாவது குடுத்தேளா?"

என் கண்ணு தானா பானெட்டுப் பக்கம் போச்சு. 

"ஒரு வாய் காபி குடுத்திருக்கேன்ம்மா"ன்னேன்.

பானெட்டைத் திறந்தேன். மூட்டை அதே மூலையில தொங்குது. அதுக்கு நாலு விரல் தள்ளி, இன்ஜின் மூச்சுவிட வெளிக்காத்தை இழுக்கிற குழாயோட வாய். டார்ச்சை அடிச்சு அந்த வாய்க்குள்ள பாத்தேன். உள்விளிம்பு பூரா செக்கச்செவேர்னு குங்குமம்.

கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறதுன்னு சொல்லுவாங்கள்லா, என் கதை அதைவிடக் கேவலம். அப்பவும் எனக்கு அதைத் தொட மனசு வரல. அடுத்தவங்க சாமி. பெரியவரை வரச் சொல்லி, டாக்டரம்மா கையைப் பிடிச்சுக் கூட்டி வந்து நிறுத்துன பிறகு கேட்டேன், "சார், இதைத் தொடலாமா?"

அவரு முழிச்சாரு. "அது உங்களோடதில்லையோ? உங்க சர்ச்சுலேர்ந்து ஏதோ மந்திரிச்சுக் கொண்டு வந்து கட்டியிருக்கேள்னு நெனச்சேன். பூஜை அன்னிக்கு எல்லாத்துக்கும் வெச்சுட்டு அதை மட்டும் விட்டா மரியாதையா இருக்காதேன்னு பொட்டு வெச்சேன்."

"நான் எலிக்குக் கட்டுனது சார். உள்ள இருக்கது புகையிலை."

பெரியவர் என்னைப் பாத்தாரு, மூட்டையைப் பாத்தாரு, அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சாரு. தூணைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சாரு. எனக்குச் சிரிக்க முடியல.

டாக்டரம்மாவை உள்ள உக்காந்து ஆக்சிலேட்டரை விடாம மிதிச்சுப் பிடிக்கச் சொன்னேன். ரோட்டுல எதிர்க்காத்து செய்யிற வேலையை நான் ஒத்தை விரலால செஞ்சேன், மூட்டையைக் குழாய்ப் பக்கமா லேசா நவுத்தினேன். துணி அசைஞ்சுது. மெல்ல எழும்பி, போய், வாயோட வாயா ஒட்டிக்கிச்சு. இன்ஜின் ரெண்டு தடவை இருமி அடங்கிப் போச்சு. இழுவை நின்னதும் மூட்டை விழுந்து, பழைய இடத்துல வந்து, ஒரு பாவமும் அறியாத மாதிரி ஆடிக்கிட்டு இருந்துச்சு. மூணு பேரும் அதையே பாத்துக்கிட்டு நின்னோம். அப்புறம் நூலை அறுத்தேன். வண்டிக்கு வேற ஒரு கோளாறும் இல்ல.

அதோட முடிஞ்சிருக்கலாம். டாக்டரம்மா வெளிய வந்து, சாவியைக் கையில வச்சுக்கிட்டு, சாதாரணமாத்தான் கேட்டாவ, "நான் இதைக் கேக்கலேன்னா, நாளைக்குப் போலாமான்னதுக்கு என்ன சொல்லியிருப்பேள்?"

போவாண்டாம்னு சொல்லியிருப்பேன்னு சொன்னா யாருக்குத் தெரியப் போவுது? கோளாறும் தீந்துட்டு. ஆனா பத்து நாள் கண்ணெதிர தொங்குன என் தப்பை நானே பாக்காம விட்டவன். இதையும் மறைச்சா மனுசனா இருக்க முடியாதுன்னு தோணுச்சு.

"மெதுவா ஓட்டிட்டுப் போங்க, போய்ச் சேந்துரும்னு சொல்லியிருப்பேன்."

"அப்பாவையும் வெச்சுண்டா?"

"ஆமாம்மா. அவரையும் வச்சுக்கிட்டுதான்."

அவிய முகம் மாறிப் போச்சு. மூணு வருசமா என்னை அண்ணான்னு கூப்பிட்டவிய, பெரியவரைக் கூட்டிக்கிட்டு லிப்ட்டுக்குப் போயிட்டாவ. நான் ஸ்பானரெல்லாம் தொடைச்சு எடுத்து வச்சுட்டு வீட்டுக்கு வந்தேன். 

வண்டி பாஸ் ஆச்சான்னு நீங்க கேப்பீங்க. ஆச்சு, இன்னைக்கும் ஞாயித்துக்கிழமை ஓடுது. எலிக்கு இப்ப கம்பி வலை அடிச்சிருக்கேன், குழாய்க்கு எட்டாத தூரத்துல. உங்களுக்கு நான் சொல்லுதது இதுதான். வேலையாச் செஞ்சதை எல்லாரும் திரும்பப் பிரிச்சுப் பாப்பாங்க. பாசத்துல செஞ்சதையும், மரியாதைக்காகத் தொடாம விட்டதையும் ஒருத்தனும் பாக்க மாட்டான். நீங்க பாருங்க. தொடலாமான்னு கேட்டுட்டுத் தொடுங்க, கேக்கதுக்கு வெக்கப்படாதீங்க. நான் ஒரு வார்த்தை கேக்காததுனால ரெண்டு உசுரு பாலத்துல போயிருக்கும்.

ஆர்.டி.ஓ.வுக்குப் போவ வேண்டிய அந்த மறுநாள் காலையில ஆறரைக்குப் போனேன். வேற மெக்கானிக்கை வரச் சொல்லியிருப்பாவ, இருந்தாலும் போய் நிக்கணும்னு போனேன். கேட்டுக்குப் பக்கத்துல ஸ்கூட்டரை நிறுத்திட்டு, உள்ள போகத் தைரியம் இல்லாம நின்னேன். பனி மாதிரி ஒரு மூட்டம் பில்டிங்கைச் சுத்தி நிக்குது. லிப்ட் திறந்துச்சு. டாக்டரம்மா பெரியவரைக் கூட்டிக்கிட்டு வந்தாவ. அவருக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலை சீவி விட்டிருக்கு.

என்னைப் பாத்ததும் நேரா வந்து சாவியை என் கையில வச்சாவ.

"நீங்க ஓட்டுங்கோ. ரெண்டு சீட்டுதானே இருக்கு, நான் ஆட்டோ பிடிச்சுப் பின்னாடி வரேன்."

"என்னை நம்பியாம்மா?"

"கேட்டா உண்மையைச் சொல்றேளே அண்ணா. எனக்கு அது போறும்."

நான் டிரைவர் சீட்டுல போய் உக்காந்தேன். அவிய அப்பாவை என் பக்கத்துல உக்கார வச்சு, பெல்ட்டை இழுத்து மாட்டி, சட்டைக் காலரைச் சரி பண்ணி விட்டு, கதவை வெளிய இருந்து சாத்துனாவ.